பறவை பதிலுரைத்ததா?

கலையை மதிப்பிடப் புகுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: நம் செவியிற் பட்டது யாது, நம் ஆசை சேர்த்தது யாது? இவ்விரண்டையும் பிரித்தறியாதார் இசையை நுகரலாம், ஆராய்தல் அரிது.

1924-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் சரே பகுதியில் ஆக்ஸ்டெட் என்னும் ஊரருகே, பியாட்ரிஸ் ஹாரிசன் அம்மையார் தம் தோட்டத்தில் அமர்ந்து, வயலின் இனத்துப் பெரிய வாத்தியமாகிய செல்லோவை வாசித்தார். புதரிலிருந்து நைட்டிங்கேல் பாடிற்று என்று பி.பி.சி. வானொலி அதனை நாடெங்கும் ஒலிபரப்பியது. பறவை பதிலுரைத்ததென்றே கேட்டார் பலரும் மகிழ்ந்தனர். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாம் அப்பறவையைச் செய்யுளில் மட்டுமே அறிந்தோமாதலின், செல்லோவும் பறவையும் சேர்ந்தொலிக்கும் பழைய இசைத்தட்டுப் பதிவைக் கேட்டபோது நாமும் மயங்கினோம்.

ஆயினும் 2022-இல் ஓர் ஐயம் வெளிப்பட்டது. அம்முதல் இரவில் ஒலித்தது பறவையன்று, பறவைக்குரல் எழுப்ப வல்ல ஒருவரின் சீழ்க்கையே எனக் கூறப்பட்டது. மெய்ப்பறவையே என்று கொள்ளினும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. 1942 மே 19 இரவு, அதே தோட்டத்துப் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்கையில், ஜெர்மனி நோக்கிக் குண்டு விமானங்கள் தலைக்குமேற் பறந்தன. பகைவர்க்குத் துப்பாகுமென்று ஒலிபரப்பை நிறுத்தினர், பதிவு தொடர்ந்தது, பறவையும் பாடிக்கொண்டே இருந்தது. விமானத்துக்குப் பறவை பதிலுரைத்ததென்று சொல்வாருளரோ? செல்லோவுக்கு மட்டும் சொல்வானேன்? ஆண்பறவை தன் துணையை அழைக்கவும் தன் எல்லையைக் காக்கவும் பாடுகின்றது.

பறவை செவிடென்று நாம் கூறவில்லை. பிறிதொரு சீழ்க்கையின் சுருதிக்கேற்பத் தன் சுருதியை நைட்டிங்கேல் மாற்றவல்லது என்று ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 2023-இல் காட்டியுள்ளனர். செவி கொடாதிருந்தது மனிதரே. ஹாரிசன் அம்மையார் வாசித்தவை எல்கர், டுவோர்ஷாக் முதலியோர் முன்னரே எழுதிவைத்த உருப்படிகள். பறவை யாது பாடினும் அவரது அடுத்த சுரம் ஏட்டில் முடிவாகியிருந்தது. அதனை உரையாடலென்பது பொருந்தாது.

அமெரிக்கரான டேவிட் ரோத்தன்பர்க் செய்வது வேறு. கிளாரினெட்டைக் கையிலேந்திப் பறவைகளோடும், பதினேழாண்டு மண்ணுள் வாழ்ந்து வெளிவரும் சில்வண்டுகளோடும் வெட்டவெளியில் மனோதர்மமாக வாசிக்கின்றார். பூச்சியிசை பற்றி 2013-இல் நூலும் வெளியிட்டார். ஏடு இல்லை, கேட்கிறார், காத்திருக்கிறார், பின்னரே ஊதுகிறார். இங்கே பதிலுரைக்கும் கடமை மனிதன்மேல் விழுகின்றது. அதனாற்றான் இதனை நாம் உயர்வாக மதிக்கின்றோம். குறையும் உண்டு: சிற்சில இடங்களிற் கிளாரினெட் முந்திக்கொள்ள, வண்டு வெறும் சுருதிப்பெட்டியாகிவிடுகிறது.

பேசாதார் வாயில் நம் சொல்லை வைத்து, அவர் இசைந்தாரென்று எழுதிக்கொள்ளுதல் எளிது. தோட்டத்தில் எழுத்துவேலை பார்க்கும் நாம் இதனை நன்கறிவோம். பறவைக்குச் செய்தாலும் அது பொய்யே.

நம் செம்பனைத் தோட்டங்களிலும் அந்தியிற் சில்வண்டு இரைகின்றது. லயத்துப் பிள்ளை எவனேனும் புல்லாங்குழலெடுத்து வெளியே வருவானாயின், அவனுக்கு நாம் சொல்வது இதுவே: தம்பி, வண்டு உன்னைப் புகழவில்லை, தன் துணையை அழைக்கிறது. முதலில் அதனைக் கேள், பின்பு வாசி.