பல் பிடித்துப் பார்த்து வாங்கும் கிட்டார்

காரிமங்கலம் சந்தையில் தாத்தா மாடு பிடிப்பதைச் சின்ன வயதில் கூட நின்று பார்த்திருக்கிறேன். போனதும் மாட்டைத் தொடமாட்டார். ஒரு சுற்றுச் சுற்றிவந்து அது நிற்கிற நிலையைப் பார்ப்பார். பிறகு வாயைத் திறந்து பல், அப்புறம் சுழி, கடைசியாகப் பத்தடி நடக்கவிட்டுக் குளம்பு ஊன்றுகிற விதம். எல்லாம் மனசுக்குப் பட்ட பிறகுதான் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடிப்பார். பழைய எலக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசைதான் வருகிறது.

திருவிழா மேடையில் லீட் வாசிக்க ஆசைப்படும் பையன்களும், கோவிலூர், பி.பள்ளிப்பட்டி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களில் பாடகர் குழுவோடு வாசிக்கிறவர்களும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, புதுசு வாங்கவா, செகண்ட் ஹேண்டே போதுமா?” அந்தப் ‘போதுமா’தான் எனக்கு உறுத்தும். காசு குறைவு என்பதற்காகச் சகித்துக்கொள்கிற பொருளாக அதை நினைக்கிறார்கள். நல்ல பழைய கிட்டாரின் ருசி தெரிந்தவன் அப்படிக் கேட்கமாட்டான்.

நான் முதலில் வாங்கியது புதுசு. பெட்டியைத் திறந்தபோது வந்த வார்னிஷ் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஐப்பசியில் வாங்கினேன். பங்குனி வந்ததும் நெக்கின் இரண்டு ஓரத்திலும் பிரெட் என்கிற உலோகப் பட்டைகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டன. கையை மேலும் கீழும் ஓட்டினால் பனைமட்டைக் கருக்கில் உரசியதுபோல் கீறியது. ஈரக் காற்றுள்ள தேசத்துத் தொழிற்சாலையில் செய்து வந்த மரம் எங்கள் தர்மபுரிக் கோடையில் காய்ந்து சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நான்கைந்து கோடையைப் பார்த்த கிட்டாரில் இந்தச் சுருக்கமெல்லாம் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். முனைகளை யாரோ ஒருவர் அரம் போட்டுத் தேய்த்திருப்பார். விரல் பலநாள் ஓடி ஓடி நெக்கின் விளிம்பு உருண்டிருக்கும். பழைய ஆட்டுக்கல்லின் வாய்போல வழவழவென்று இருக்கும் அந்த விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்தவனுக்குப் புதுசின் கூரான ஓரம் அந்நியமாகத்தான் படும்.

சரி, பல் பார்ப்போம். தச்சர் சட்டத்தைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோல், கிட்டாரின் உடல் பக்கத்தைக் கண்ணருகே வைத்து நெக் நெடுகப் பாருங்கள். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுவையில் அந்த மரத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. சிமெண்டு மூட்டைக்குச் சற்றே குறைந்த பாரம், இரவும் பகலும். அதை எதிர்த்து நிற்கத்தான் நெக்குக்குள் டிரஸ் ராடு என்கிற இரும்புக் கம்பி. முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்தினால், நடுவில் ஏழாவது எட்டாவது பிரெட்டுக்கு மேலே கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். முன்னால் கொஞ்சம் வளைந்திருந்தால் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட நெக்கை, அதாவது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியதை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். டிரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா, கடைசி வரை முறுக்கித் தீர்த்துவிட்டார்களா என்று கேட்டே ஆக வேண்டும். தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும் கிப்சன் வகைக் கிட்டார்களில் நட்டுக்கு, அதாவது தலைப்பக்கம் தந்திகள் அமரும் சிறு கட்டைக்கு, பின்புறம் விரலால் தடவிப் பாருங்கள். விழுந்து உடைந்து ஒட்டிய வரி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது பிரெட். வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. சுருதி விலகினால் மெழுகை உருக்கி மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம். கிட்டாரின் பிரெட் மரத்தில் வெட்டிய காடியில் அடித்து இறக்கியது. தேய்ந்தால் ராவி மட்டம் செய்யலாம், அதுவும் ஓரிரு முறை. பிறகு பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும். அந்தக் கூலி சில சமயம் பழைய கிட்டார் விலையில் பாதிக்கு வந்துவிடும். ஆகவே பிரெட்டின் உயரம்தான் பழைய கிட்டாரின் மிச்ச ஆயுள். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் எலக்ட்ரிக் கிட்டாரில் கொண்டுவந்த கமகங்களைக் கேட்டு ஆசைப்படுகிறவன், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அசைக்க இடம் கொடுக்காத தேய்ந்த பிரெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

தேய்மானத்தை நான் ஒரு ஜாதகம்போல வாசிப்பேன். முதல் மூன்று பிரெட்டில் மட்டும் பள்ளம் இருந்தால் முந்தையவர் கார்டு வாசித்துப் பாட்டுக்குத் துணை நின்றவர். பன்னிரண்டுக்கு மேலே மெல்லிய தந்திகளின் கீழே தேய்ந்திருந்தால் லீட் வாசித்தவர். எங்கும் தேயாமல் பத்து வருஷம் ஆனது என்றால் அது கட்டிலடியில் கிடந்த கிட்டார். அதை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அது ஏன் வாசிக்கப்படவில்லை என்று கேட்டு, பன்னிரண்டாம் பிரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மின்சாரப் பகுதியைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியளவு மெல்லிய செப்புக்கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்றுச் சுற்றியது. அது செத்துப்போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். வால்யூம் திருகினால் கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஒன்றை மட்டும் கடையிலேயே பாருங்கள்: தந்தியில் கை வைத்தால் இரைச்சல் குறைய வேண்டும். குறையாவிட்டால் உள்ளே எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. எங்கள் ஊர் மேடைகள் ஜெனரேட்டரில் ஓடுபவை. தந்தியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கிறவனுக்கு எர்த் இல்லாத ஆம்ப் உயிருக்கே ஆபத்து. பழைய கிட்டார் வாங்குங்கள். எர்த்துக்கான மூன்றாவது பின்னை ஒடித்துவிட்ட பழைய ஆம்பை மட்டும் கனவிலும் வாங்காதீர்கள்.

பழையதைத் தேடுவது ஏழைக்கு மட்டும் உரிய புத்தி என்று நினைப்பவர்களுக்குக் கிட்டார்க் கலைஞர் எரிக் கிளாப்டன் கதையைச் சொல்வேன். 1970இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கடையொன்றில் அவர் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆறு வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச மூன்றில் நல்ல நெக், நல்ல உடல், நல்ல பிக்கப் என்று பொறுக்கிக் கோத்ததுதான் ‘பிளாக்கி’. 2004 ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. இன்னொரு கிட்டார்க் கலைஞர் பீட்டர் கிரீனின் லெஸ் பால் கிட்டாரில் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் குரல் மூக்கடைத்ததுபோல் வரும். ஒன்றின் காந்தம் எதிர்த்திசையில் இருந்ததுதான் காரணம் என்கிறார்கள். அந்தக் கோளாறே அதன் அடையாளமாகி, கேரி மூர் கைக்கும் பிறகு கிர்க் ஹாமெட் கைக்கும் போய் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. ஃபெண்டர் நிறுவனமோ 1995 முதல் புதுக் கிட்டாரைச் சுரண்டி, தேய்த்து, துருவேற்றிப் பழசாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறது. பழக்கத்தைக் கையால் போலிசெய்ய முடியும் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கண்ணுக்குத் தேய்ந்தது தெரிகிறது. எந்தக் கை தேய்த்தது என்று விரலுக்குத் தெரிவதில்லை.

பழையதில் எனக்குப் பிடித்த இன்னொன்று ஈட்டி மரம். கலிபோர்னியாவிலும் டென்னசியிலும் செய்த எத்தனையோ கிட்டார்களின் விரல்பலகை நம் தென்னாட்டு ஈட்டிதான். 2017 தொடக்கத்தில் இந்த இன மரங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன; 2019 நவம்பரில்தான் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார் பலவற்றில் பாவ் ஃபெரோ என்ற வேறு மரத்துக்கு மாறியது. அதுவும் நல்ல மரம்தான். இருந்தாலும் பழையவற்றைப் புரட்டும்போது கருஞ்சிவப்பில் ரேகை ஓடும் ஈட்டிப் பலகை கண்ணில் பட்டால், நம் மலையிலிருந்து கடல் தாண்டிப் போய் இசையோடு திரும்பி வந்ததே என்று ஒரு கணம் கை நிற்கிறது.

புதுசையும் பழசையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிற கண் எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. தர்மபுரிதான் அன்றைய தகடூர், அதியமான் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. நெய் பூசி, பீலி சூட்டிக் காவலில் வைத்த தொண்டைமானின் வேல்களைப் பாராட்டுவதுபோல் பாராட்டிவிட்டு, நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கும் அதியமானின் வேல்களை அவள் நினைவூட்டுகிறாள். கிட்டார்க்காரனாக நான் அதில் கவனிப்பது கொட்டிலை. உழைத்த வேலுக்குக் கொல்லன் வேண்டும். நான் என் கிட்டாரை நெக் பார்க்க 130 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூருக்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். பழையது வாங்குகிற தம்பி இந்தப் பேருந்துச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

கூட வந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதவன், அடுத்த மாதமே கச்சேரி இருப்பவன், படம் மட்டும் பார்த்து ஊர் பேர் தெரியாதவருக்குப் பணம் அனுப்பத் துணிகிறவன், இவர்கள் புதுசே வாங்கட்டும். இன்றைய மலிவுக் கிட்டார்களை எந்திரம் மிகச் சீராக வெட்டுகிறது. என் காலத்தில் அந்த விலைக்குக் கிடைத்தவற்றோடு ஒப்பிடவே முடியாது. வாங்கியதும் முனை ராவி, நட்டின் காடியைச் சரியாக இறக்கி, தந்தி உயரம் பார்த்து ஒருமுறை செட்டப் செய்துகொண்டால் போதும். மேடையில் நான்கு கோடை வாசித்தால் அதுவும் பழசாகிவிடும்.

இப்போது என்னிடம் இருப்பது கொரியாவில் செய்த பழைய கிட்டார், 18,000 ரூபாய்க்கு வாங்கியது. விற்றவர் ஊரைவிட்டு வேலைக்குப் போகிறவர். கொடுக்கும்போது தந்திகளைத் துடைத்துக் கொடுத்தார். முதல் பிரெட்டில் இரண்டாம் தந்திக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம். சி மேஜர் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் ஊன்றுகிற இடம். பெங்களூர்ப் பட்டறையில் அதை மட்டம் செய்துவிடவா என்று கேட்டார்கள். தந்தி இரைகிறதா என்றேன். இல்லை என்றார்கள். அப்படியானால் இருக்கட்டும் என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன்.