சிங்கிள் ஓனர்

பழைய கார் விற்பவர்களின் பேச்சைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். "சிங்கிள் ஓனர், கை மாறாத வண்டி." "லேடி டாக்டர் ஓட்டினது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் போய் வரும்." "ஷெட்ட விட்டு வெளியவே வந்ததில்ல, ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்." தவளக்குப்பத்தில் கடலூர் சாலைப் பக்கம் குடியிருப்பதால் இந்த வசனங்கள் எனக்கு மனப்பாடம். வேறொரு இடத்திலும் இவற்றைக் கேட்டிருக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த கூடங்களில்.

இந்தப் பேச்சுக்கு ஒரு மேட்டுக்குடி ஒன்றுவிட்ட அண்ணன் உண்டு. துருப்பிடித்துக் கிடக்கும் பழைய செவர்லே, பிளைமவுத், டாட்ஜ் என்று அமெரிக்க வண்டிகளைத் தேடி வாங்கி, வருடக்கணக்கில் பிரித்துப் பூட்டி உயிர் கொடுக்கும் பொழுதுபோக்கு. 'ப்ராஜெக்ட் கார்' என்பார்கள். அங்கே கீறல் இல்லாமை மட்டும் விலைபோவதில்லை, கைவிடப்பட்டிருப்பதும் விலைபோகிறது. 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூரில் நடந்த ஏலம் இதற்கு உச்சம். ரே லாம்ப்ரெக்ட் என்பவரும் அவர் மனைவி மில்ட்ரெடும் 1946 முதல் 1996 வரை அங்கே செவர்லே விற்பனை நிலையம் நடத்தினார்கள். விற்காமல் தேங்கிய புது வண்டிகளையும் மாற்றுக்கு வந்த பழைய வண்டிகளையும் கிடங்கிலும் வயலிலும் அப்படியே விட்டுவைத்தார்கள். சுமார் 500 வண்டிகள். ஏலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது. மொத்தம் 1.3 மைல் மட்டுமே ஓடியிருந்த 1958 ஆம் ஆண்டு செவர்லே கேமியோ சரக்கு வண்டி 1,40,000 டாலருக்குப் போனது. தொடாமல் வைத்திருந்ததற்கு அந்த விலை. அந்தக் கடையின் ஐம்பது வருடத்தில் மில்ட்ரெடின் உழைப்பும் இருந்தது. ஆனால் சொல்லப்பட்ட கதை, வண்டிகளை விற்க மனமில்லாத ஒரு மனிதரின் கதை. ஏலத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவி இவெட் வான்டர்பிரிங்க் ஒரு பெண் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆண்கள் ஆண்களுக்காகக் கட்டிய கனவுக்கு அன்று கூவி விலை சொன்ன குரல் ஒரு பெண்ணுடையது.

கைவிடப்பட்டதை மீட்கும் ஆண் என்ற இந்தக் கனவைச் சினிமாவும் இலக்கியமும் எப்படி எழுதின என்று பார்க்க விரும்புகிறேன். ஆங்கிலத்தில் காரை 'அவள்' என்பது வழக்கம், யாருக்கும் உறுத்தாது. தமிழில் கார் அஃறிணை. அதைப் பெண்ணாக்க வேண்டுமென்றால் வேலை மெனக்கெட்டுப் பெயர் வைத்தாக வேண்டும். 'படிக்காதவன்' (1985) படத்தில் ரஜினிகாந்தின் டாக்சிக்கு லட்சுமி என்று பெயர். கெஞ்சினால் கிளம்பும், கொஞ்சினால் ஓடும். நாம் சிரித்துக்கொண்டே பார்த்தோம். அந்தப் படத்தில் வேறு சங்கதிகள் நிறைய இருப்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

இந்தக் கனவைக் கெட்ட கனவாக்கிக் காட்டியது ஸ்டீபன் கிங்கின் 'கிறிஸ்டீன்' நாவல். 1983இல் வந்தது, அதே வருடம் ஜான் கார்பென்டர் அதைப் படமாக்கினார். ஆர்னி என்ற கூச்ச சுபாவமுள்ள பள்ளி மாணவன் சிதைந்துபோன 1958 பிளைமவுத் ஃப்யூரி ஒன்றை 250 டாலருக்கு வாங்குகிறான். அதைச் சரிசெய்யச் செய்ய அவனுக்கு ஆண்மையும் திமிரும் கூடுகின்றன. கிறிஸ்டீன் என்ற அந்த வண்டியோ பொறாமை பிடித்தவள்; அவனை நெருங்கும் எவரையும் விடமாட்டாள். ஆணைத் தின்னும் மோகினி கதைதான், தோல் மட்டும் உலோகம். கிறிஸ்டீனும் 'சிங்கிள் ஓனர்' வண்டி என்பதைக் கவனியுங்கள். முதல் உரிமையாளன் லீபேயின் சின்ன மகள் அந்த வண்டிக்குள் மூச்சடைத்துச் செத்தாள். பிறகு அவன் மனைவி அதே வண்டிக்குள் புகையை அடைத்துத் தற்கொலை செய்துகொண்டாள். அதற்குப் பிறகும் அவன் வண்டியைத் தலைமுழுகவில்லை. ஒரு வீட்டில் நடந்த இந்தக் கொடுமையைக் கதை எதற்குப் பயன்படுத்துகிறது? வண்டி எவ்வளவு தீயவள் என்று நிரூபிக்க. மகள் செத்த வண்டியை வாசலிலேயே வைத்துக்கொண்ட கணவன் என்ன மனிதன், அந்த வாசலைத் தினமும் தாண்டிய மனைவிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு அந்தப் புத்தகத்தில் பேய்க்கதை. கிங் அதைச் சில பத்திகளில் கடந்துபோகிறார். குற்றத்தை ஏற்றிவைக்க 'அவள்' ஒருத்தி கிடைத்துவிட்டபோது 'அவன்' தப்பித்துவிடுகிறான்.

நம் நாட்டில் இதே பொருளை இருபத்தைந்து வருடம் முன்பே ஒருவர் தொட்டிருக்கிறார். ரித்விக் கட்டக்கின் 'அஜாந்திரிக்' (1958), சுபோத் கோஷின் சிறுகதையிலிருந்து எடுத்த வங்காளப் படம். அமெரிக்கக் கார்கள் அன்று நமக்கு அந்நியமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் தொழிற்கூடம் திறந்து செவர்லேக்களைப் பூட்டி விற்றது. ஐம்பதுகளின் நடுவில் மூடிவிட்டுப் போனது. போன பிறகு அந்த வண்டிகள் கை மாறிக் கை மாறி, கடைசியில் டாக்சியாகி, உதிரிபாகம் கிடைக்காமல் தேய்ந்தன. பீகாரின் ஒரு சிறுநகரில் பிமல் ஓட்டுவது அதைவிடப் பழைய 1920 செவர்லே. பெயர் ஜகத்தல். அசைக்க முடியாத பாறை என்ற சாயல் அந்தப் பெயரில் உண்டு. பெண் பெயர் கிடையாது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் தாகம் தீரக் குடிக்கும் ஓசை கேட்கிறது. ஊர் சிரிக்கிறது. பிமலுக்கு வேறு யாரும் இல்லை.

அந்த வண்டியில் ஒருநாள் ஒரு பெண் ஏறுகிறாள், காதலனோடு ஓடிவந்தவள். காஜல் குப்தா நடித்திருக்கிறார். முதல் பயணத்தில் அவள் முகத்தில் இருக்கும் பரவசம் வேறெந்தப் பாத்திரத்துக்கும் அந்தப் படத்தில் வாய்க்கவில்லை. பிறகு காதலன் கைவிட்ட நிலையில் பிமல் அவளை மறுபடி பார்க்கிறான். அவள் ரயிலேறிப் போகிறாள். அவன் வண்டியில் துரத்துகிறான். ஜகத்தல் வழியில் நின்றுவிடுகிறது. அதன்பின் கையிலிருந்த பணத்தையெல்லாம் வண்டிக்குக் கொட்டுகிறான். தேறவில்லை. காயலான் கடைக்குப் போகிறது. கடைசியில் ஒரு குழந்தை அதன் ஹாரனை வைத்து விளையாடுகிறது. பிமல் அழுதுகொண்டே சிரிக்கிறான்.

மனிதனும் இயந்திரமும் என்று இந்தப் படத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு உறைப்பது வேறு. படத்தில் கைவிடப்பட்டவை இரண்டு. ஒன்றைக் கையால் தொட்டுத் திருப்பிப் பூட்டலாம், மற்றது தன் வழியே போய்விடும் உயிர். பிமலுக்கு முதலாவதோடு மட்டுமே பேசத் தெரியும். அவளிடம் நாலு வார்த்தை பேச வராதவன் இரும்போடு மணிக்கணக்கில் பேசுகிறான். கட்டக் இதைப் பிமலின் மேன்மையாகக் காட்டவில்லை, ஊனமாகவே காட்டுகிறார் என்பது என் வாசிப்பு. வண்டியை வைத்து அவளைப் 'பிடிக்க' முடியாமல் போவதில் எனக்கொரு நிம்மதியும் உண்டு.

சத்யஜித் ராயிடம் அந்த நிம்மதி கிடைக்காது. தாராசங்கர் பந்தோபாத்யாயின் நாவலை வைத்து அவர் எடுத்த 'அபிஜான்' (1962) படத்தில் ராஜபுத்திர வம்சப் பெருமை பேசும் நரசிங்கிடம் 1930 கிரைஸ்லர் இருக்கிறது. மனைவி விட்டுப்போனதால் பெண்ணினத்தின் மேலேயே அவனுக்குக் கோபம். வணிகன் ஒருவனிடம் விற்கப்பட்ட விதவை குலாபியாக வஹீதா ரஹ்மான். முடிவில் நரசிங் கிரைஸ்லரை விரட்டிக்கொண்டு போய் அவளை மீட்கிறான். பிமலின் வண்டி நின்ற இடத்தில் இவனுடைய வண்டி ஓடிவிடுகிறது, படமும் வழக்கமான தடத்துக்கு வந்துவிடுகிறது. அவளும் பழைய கார் போல ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வருகிறாள், இந்தக் கை நல்ல கை என்பதுதான் வித்தியாசம். வஹீதாவின் கண்கள் மட்டும் இதற்கு முழுசாக ஒத்துக்கொள்ளாதது போல எனக்குத் தோன்றும்.

2021 ஜூலையில் ஒன்றிய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்து வரும். அன்றாடத்துக்கோ வருமானத்துக்கோ ஓட்டக் கூடாது. அதாவது உழைக்காமல் இருந்தால்தான் மரியாதை. கிடைத்த இரும்பையெல்லாம் ஒட்டுப்போட்டு வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டிய ஜகத்தலுக்கு அந்த எழுத்து கிடைத்திருக்காது. வேலைக்குப் போகாத குலமகளுக்குத்தான் கௌரவம் என்று வளர்க்கப்பட்ட நமக்கு இந்த விதி புதுசாகவா இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் பின்கட்டில் தார்ப்பாய்க்குள் ஒரு டாட்ஜ் பதினோரு வருடமாக நிற்கிறது. அந்த வீட்டுப் பெண்ணின் இரண்டு வளையல் அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. "வித்துடலாம்னு சொன்னா, இது ப்ராஜெக்ட்டு, ஒனக்குப் புரியாதுங்கறாருக்கா. எனக்கு ஒண்ணுதான் புரியல, அதுக்கு அடியில படுத்துக்கிட்டு மணிக்கணக்கா பேசறாரே, அவ்ளோ பேச்சு எங்க இருந்துக்கா வருது?" அவளோடு உட்கார்ந்துதான் 'அஜாந்திரிக்'கை மூன்றாம் முறை பார்த்தேன். ஹாரனோடு குழந்தை விளையாடும் இடத்தில் நான் வழக்கம்போலக் கண் கலங்கினேன். அவள் கலங்கவில்லை.

"அந்த ரயில்ல போன பொண்ணு எங்கக்கா போய் எறங்கியிருப்பா?" என்று கேட்டாள்.