கண்டியை முதலில் பார்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மலஞ்சரக்குக் கடை மாடியில் கணக்குக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக இறங்கும். மேலே மாதக் கடைசியானால் சர்வரில் இடம் தீரும். எந்த ஃபோல்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க லினக்ஸில் ஒரே வரி: ‘டியூ -எஸ்ஹெச் * | சார்ட் -ஹெச்’. கடைசியில் நிற்கும் அந்த -ஹெச்சை ரசிக்காமல் ஒரு நாளும் நான் அடித்ததில்லை.

டியூ அளவை நமக்குப் புரிகிற மாதிரி சொல்லும்: 1.2ஜி, 4.0கே, 900எம். இதை எண்ணை வைத்து அடுக்கும் சார்ட் -என்னிடம் கொடுத்தால் இதே வரிசையில்தான் திருப்பித் தரும். 1.2, 4, 900 என்று எண் மட்டும்தான் அதற்குத் தெரியும்; 4 கிலோபைட் 1.2 ஜிகாபைட்டைவிடப் பெரிதாகிவிடும். அதனால் முன்பெல்லாம் எல்லாவற்றையும் கிலோபைட்டில் வாங்கி அடுக்கி, நீள நீள எண்களை விரல் வைத்துப் படிப்போம். இந்தக் கட்டளைகள் அடங்கிய தொகுப்பு குனூ கோர்யூட்டில்ஸ்; 2009 ஆகஸ்டில் வந்த அதன் 7.5 பதிப்பு சார்ட்டுக்கு -ஹெச்சைக் கொடுத்து அந்த வேலையை ஒழித்தது.

இதில் எனக்குப் பிடித்தது, -ஹெச் பெருக்கல் எதுவும் போடாது என்பது. முதலில் கூட்டலா கழித்தலா என்ற குறி, அடுத்து எழுத்து, அதற்கப்புறம்தான் எண். 1500எம், 1ஜி இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்: 1500எம்மைச் சிறியது என்று முன்னால் வைக்கும். கணக்குப்படி தப்பு. ஆனால் டியூ 1500எம் என்று எழுதவே எழுதாது. 1024 எம் சேர்ந்ததும் ஜிக்கு ஏறிவிடும்.

பழைய எடைக் கணக்கும் இப்படித்தான். 20 மணங்கு ஒரு கண்டி. மணங்குப் பத்தியில் 19-ஐத் தாண்டி எதுவும் நிற்காது. இரண்டு சீட்டில் எது பெரிய சரக்கு என்று சொல்ல யாரும் மணங்குக்கும் கீழே வீசைவரை இறங்கிக் கூட்டமாட்டார்கள். கண்டி எத்தனை என்று பார்த்தாலே போதும். மேல் அளவுக்கு ஏற்றி எழுதியவர் ஒழுங்காக எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கையில் நடக்கும் கணக்கு அது. டியூவும் சார்ட்டும் அதே நம்பிக்கையில்தான் கைகோத்து நிற்கின்றன.

1.1ஜி என்று இரண்டு ஃபோல்டர் வந்தால் எது கூட என்று -ஹெச்சுக்குத் தெரியாது. பெயர் வரிசையில் நிறுத்தும். டியூ மேல்நோக்கி முழுதாக்கிவிட்டது, போன பைட் போனதுதான். துல்லியம் வேண்டுமென்றால் பைட்டிலேயே அடுக்க வேண்டும். இடம் தேடுகிறவனுக்கு அது தேவையில்லை.

சிறியதில் தொடங்கி அடுக்குவதால் பெரியது கடைசி வரியில், அடுத்த கட்டளைக்காகக் கர்சர் துடிக்கிற இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும். போன மாதம் அங்கே நின்றது 48ஜி, பழைய பில்களின் ஸ்கேன்.