முத்தின் தாய்: ஒரு செருமானியத் தொகைச்சொல் ஆய்வு

உருவகம் செறிந்த மேலைமொழிச் சொற்களைத் தமிழ்ச்சொற்களோடு ஒப்பிட்டுத் தமிழ் வறியது எனத் துணிவார் உளர். அத்துணிபு பொருந்துமா என ஒரு தொகைச்சொல் கொண்டு ஆராய்வாம்.

முத்துச்சிப்பியின் உட்புறத்து ஒளிவிடும் படலத்தைச் செருமானியர் 'பெர்ல்முட்டர்' என்பர். 'பெர்லெ' முத்து, 'முட்டர்' தாய். 'முத்தினது தாய்' என இஃது விரியும். தொல்காப்பியர் ஆறாம் வேற்றுமைக்கு ஓதிய பொருள்களுள் ஒன்றாகிய முறைமை இதன்கண் அமைந்துள்ளது. முத்தும் அப்படலமும் ஒரே பொருளால் ஆயவை. ஆதலின் உருவகம் பொருத்தமுடையதே. எனினும் அது செருமானியத்தில் முளைத்ததன்று. இடைக்கால இலத்தீனின் 'மாத்தெர் பெர்லாரும்' என்னும் தொடரை 15ஆம் நூற்றாண்டளவில் அம்மொழி பெயர்த்துக்கொண்டது. இலத்தீனில் தாய் முன்னும் முத்துப் பின்னும் நிற்ப, செருமானியம் தன் தொகைமரபிற்கேற்ப அடையை முன்வைத்தது; தமிழ்மரபும் அதுவே. முதற்கண் சிப்பியைக் குறித்த பெயர் பின்னர் அதன் உட்படலத்திற்கு ஆயிற்று.

'பெர்லெ' என்பதன் மூலமும் நோக்கத்தக்கது. தொடையையும் அவ்வடிவினதாகிய ஒருவகைச் சிப்பியையும் உணர்த்திய 'பெர்னா' என்னும் இலத்தீன் சொல்லினின்று அது பிறந்தது என்பர் அறிஞர் பலர். அங்ஙனமாயின், தாயின் பெயரைச் சேய் பெற்றது. பின்னர்ச் சேயின் பெயரால் தாய் வழங்கப்பெற்றாள்.

இனித் தமிழ்வழக்கு. ஆறுமுகநேரியை அடுத்த காயலும் கொற்கையும் முத்துக்குளித்தலாற் புகழ்பெற்றவை. இக்கரையில் வழங்கும் 'முத்துச்சிப்பி', முத்தையுடைய சிப்பி என விரியும் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. சங்க இலக்கியத்து 'இப்பி'யும் வாளா பொருளைச் சுட்டும் பெயரே. இச்சொற்களில் தாய்மை இல்லை.

இதுகொண்டு அவ்வுருவகம் தமிழர்க்குத் தோன்றிற்றிலது எனல் பிழை. கலித்தொகையின் 9ஆம் பாட்டில், உடன்போக்கிற் சென்ற மகளைத் தேடிவரும் செவிலிக்கு அந்தணர் விடையிறுக்கின்றனர். நீரிற் பிறந்த முத்து அணிவார்க்கே பயன்படும். பிறந்த நீர்க்குப் பயன்படாது. மகளும் அத்தகையள் என்பது அவர் கூற்று. ஈண்டு முத்து மகள். தாய் சிப்பியன்று, நீர். செருமானியச் சொல் பிறப்பைக் கூறி அமைந்தது. தமிழ்ப்பாட்டோ பிரிவையும் கூறிற்று.

அன்றியும், அச்சொல் இன்று 'பெர்ல்முட்' எனவும் தேய்ந்து வழங்குகின்றது. அவ்வடிவில் தாய் என்னும் பொருள் மறைந்தது. பாட்டிலுள்ள தாயோ செவிலியின் துயரோடு நிலைத்துநிற்கின்றாள். ஆகவே அகராதி வரைவோர் 'முத்தின் தாய்' எனச் சொற்குச் சொல் பெயர்த்தல் வேண்டா. 'சிப்பியின் ஒளிப்படலம்' எனலே சாலும். ஒரு மொழியின் உருவகச் செல்வத்தை அகராதியில் மட்டும் தேடுதல் முறையன்று. செய்யுளிலும் தேடுதல் வேண்டும் என்க.