எந்த ஆண்டின் தொம்மலூர்? வார்டு வரைபடங்களும் மீத்தரவும்

பெங்களூரு மாநகராட்சி 198 வார்டுகளாக இருந்தபோது தொம்மலூரின் வார்டு எண் 112. 2010, 2015 மாநகராட்சித் தேர்தல்கள் அந்தப் பிரிவினைப்படி நடந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களும் அந்த வார்டுகளுக்கே உரியவை. 2022இல் வார்டுகள் 243 ஆயின, 2023இல் 225 ஆயின. இரண்டின்படியும் தேர்தல் நடக்கவில்லை. 2025இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டு எல்லைகள் மறுபடியும் வரையப்பட்டன. டேட்டாமீட், ஓபன்சிட்டி போன்ற பொதுத் தொகுப்புகளில் வார்டு எல்லைக் கோப்புகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். திரையில் விரித்தால் எல்லாமே கோடுகள்தான். எந்தக் கோடு எந்த ஆண்டுக்குரியது என்பதைக் கோப்பைப் பற்றிய குறிப்புதான் சொல்ல வேண்டும். மெட்டாடேட்டா எனப்படும் மீத்தரவு அந்தக் குறிப்பே.

புவியிடத் தரவுக்கான மீத்தரவின் உலகத் தரம் ஐஎஸ்ஓ 19115. 2003இல் வெளிவந்த இது 2014இல் திருத்தப்பட்டது. இந்தியாவில் 2006இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய இடஞ்சார் தரவுக் கட்டமைப்பும் தனக்கென ஒரு மீத்தரவுத் தரத்தை வகுத்தது. தலைப்பு, சுருக்கம், பரப்பு, காலம், ஆயத்தொலைவு முறை, தரவு உருவான வழி, துல்லியம், உரிமம், பொறுப்பாளர் ஆகியவை இத்தகைய தரங்களின் முக்கியக் கூறுகள்.

மீத்தரவு எழுதும் நடைமுறையின் முதல் பயன், தவறான பொருத்தத்தைத் தடுப்பது. 2011 மக்கள்தொகையை 225 வார்டு வரைபடத்தோடு எண்ணை வைத்து இணைத்தால் மென்பொருள் மறுப்புச் சொல்லாது. 112க்கு 112 சேர்ந்துவிடும், வண்ண வரைபடமும் வந்துவிடும். ஆனால் ஒரு பகுதியின் மக்கள் வேறொரு பகுதியின் கணக்கில் ஏறியிருக்கக்கூடும். எல்லை எந்த அறிவிக்கைப்படி, எக்காலத்துக்குச் செல்லும் என்ற ஒரு வரி இருந்தால் இந்தப் பிழை நேராது. இரண்டாவது பயன் இடத்துல்லியம். பழைய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் கோளவடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் கருவிகள் டபிள்யூஜிஎஸ் 84 முறையைப் பின்பற்றுகின்றன. இந்த வேறுபாட்டைக் கருதாமல் விட்டால் பெங்களூரில் ஒரு புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் விலகும்; தொம்மலூர் போன்ற நெருக்கமான பகுதியில் அது வேறு தெருவில் போய் விழும். மூன்றாவது பயன் உரிமம்: மறுபயன்பாட்டுக்கு இசைவு உண்டா என்பது எழுதப்பட்டிருந்தால்தான் பிறர் தயங்காமல் தரவை எடுத்தாள்வர்.

குறைகளும் அதே அளவுக்கு ஆழமானவை. ஐஎஸ்ஓ தரத்தில் கூறுகள் முந்நூற்றுக்கும் மேல். நிரப்புபவருக்குத் தம் தரவு நன்றாகத் தெரியும். குறிப்பின் பயன் என்றோ வரப்போகும் அறியாதவருக்கு. உழைப்பு ஒருவருடையது, பலன் வேறொருவருடையது என்பதால் படிவம் பெயரளவுக்கு நிரம்புகிறது: சுருக்கத்தில் தலைப்பே மீண்டும் வரும், துல்லியம் வெறுமையாக இருக்கும். கட்டாயப் புலங்களைக் கூட்டினாலும் இந்த நிலை மாறாது. ஒப்புக்கு எழுதிய சொற்கள்தான் கூடும்.

கோப்பு வடிவங்களும் உதவுவதில்லை. ஷேப்ஃபைலில் மீத்தரவு தனிக் கோப்பாகக் கிடக்கிறது. பகிரும்போது எளிதில் விடுபடும். 2016இல் தரப்படுத்தப்பட்ட ஜியோஜேசனில் ஆயத்தொலைவு முறை டபிள்யூஜிஎஸ் 84 என்று நிலைநிறுத்தப்பட்டதால் ஒரு குழப்பம் தீர்ந்தது. ஆனால் மூலத்தையும் காலத்தையும் எழுத அதில் வரையறுத்த இடம் இல்லை.

திருத்தும் கட்டத்தில்தான் சிக்கல் மிகுதி. மீத்தரவில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் பதிவின் தேதி புதிதாகிறது. பார்ப்பவர் தரவே புதியது என்று எண்ணுவார். எல்லை எக்காலத்துக்கு உரியது, கோப்பு எப்போது உருவானது, குறிப்பு எப்போது திருத்தப்பட்டது என்ற மூன்று தேதிகளும் தனித்தனியே நிற்க வேண்டும். இன்னொரு தவறு, புதிய எல்லை வந்ததும் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடுவது. 198 வார்டுக் கோப்பு காலாவதியானதல்ல; 2011 கணக்கெடுப்பைப் படிக்க இன்றும் அதுவே வேண்டும். ஆகவே ஒவ்வொரு மறுவரையறைக்கும் தனிப் பதிவு இருப்பதும், அது முந்தையதையும் பிந்தையதையும் சுட்டுவதும் முறை.

இவற்றை எடைபோட்டால் பழுது மீத்தரவு என்ற கருத்தில் இல்லை, வேலையைப் பங்கிடும் விதத்தில் இருப்பது தெரியும். பரப்பு, ஆயத்தொலைவு முறை, புலப்பெயர்கள் ஆகியவற்றை மென்பொருளே கோப்பிலிருந்து எடுத்துவிடும். உரிமம், பொறுப்பாளர் போன்றவற்றைத் தொகுப்புக்கு ஒருமுறை எழுதி எல்லாப் பதிவுகளுக்கும் இறக்கலாம். மனிதர் எழுத வேண்டியவை சிலவே: எந்த அறிவிக்கை, எந்தக் காலம், எப்படி வரையப்பட்டது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது. கடைசிக் கேள்விக்கான விடை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. வரைந்தவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவும் தெரியாது. இத்தனையும் சரியாக அமைந்தாலும், மோசமாக வரையப்பட்ட எல்லையை மீத்தரவு நேராக்கிவிடாது. அது மோசம் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும்; பயன்படுத்துபவர் முடிவெடுக்க அது போதும்.