பொரிப்பகம் ஆற்றுக்கு ஈடாகுமா?

கலிஃபோர்னியாவின் மெக்கிளவுட் ஆற்றங்கரையில் 1872இல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் அமெரிக்க அரசின் மீன்வள ஆணையத்துக்காக ஒரு சால்மன் பொரிப்பகத்தைத் தொடங்கினார். முட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கி நாட்டின் கிழக்குக் கரைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் அனுப்பினார்கள். நியூசிலாந்து ஆறுகளில் இன்று நீந்தும் சினூக் சால்மன், மெக்கிளவுட் போய்ச் சேரும் சாக்ரமெண்டோ ஆற்றுப் படுகையிலிருந்து போன முட்டைகளின் வம்சம். நம் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் வந்ததும் அந்தக் காலத்து உற்சாகத்தின் ஒரு கிளைதான். ஆனால் மெக்கிளவுட் ஆறு என்ன ஆனது? 1940களில் கீழே சாஸ்தா அணை எழுந்து, முட்டையிடக் கடலிலிருந்து ஆறு ஏறும் சால்மனின் வழியை அடைத்தது. முதல் பொரிப்பகம் நின்ற இடமே நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிப்போனது.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பொரிப்பகத்தின் கதை பெரும்பாலும் இப்படித்தான் ஓடியிருக்கிறது. ஆற்றை எடுத்துக்கொள்கிறோம், பதிலுக்கு மீனைத் தருகிறோம் என்பது அணை கட்டியவர்கள் சொன்ன பேரம். கொலம்பியா ஆற்றில் 1942இல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏறிக் கடப்பதற்கான ஏணிகூட வைக்கவில்லை. அதற்கு மேலே இருந்த ஆறு முழுவதையும் சால்மன் இழந்தது. இழப்பீடாகக் கிடைத்தவை லெவன்வொர்த் போன்ற பொரிப்பகங்கள். பொரிப்பகம் என்ற முறையிலேயே குற்றமில்லை. அதைக் காட்டி ஆறுகளைக் கைகழுவியதுதான் குற்றம் என்பது என் கருத்து.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். கடலிலிருந்து திரும்பும் மீன்கள் ஒரு சிறு ஏணி வழியாகத் தொட்டிக்குள் ஏறுகின்றன. சினையுற்ற மீனை அடித்துக் கொன்று, வயிற்றை நீளவாக்கில் கீறுகிறார்கள். ஆரஞ்சு நிற முட்டைகள் ஆயிரக்கணக்கில் வாளியில் கொட்டுகின்றன. ஆண் மீனின் வயிற்றை அழுத்தி விந்தைப் பீய்ச்சிக் கலக்கி, நீர் ஊற்றித் தட்டுகளில் பரப்புகிறார்கள். பொரித்த குஞ்சுகள் சிமெண்ட் கால்வாய்களில் வளர்கின்றன. ஆற்றுக்கு விடும் முன், வால்பக்க முதுகில் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பைப் பெரும்பாலானவற்றுக்கு நறுக்கிவிடுகிறார்கள். பிடிப்பவருக்கு அது பொரிப்பக மீன் என்று தெரிவதற்கான அடையாளம்.

முட்டையிலிருந்து குஞ்சாகும்வரை பிழைக்கும் விகிதம் ஆற்றைவிட இங்கே பல மடங்கு அதிகம். கணக்குப் புத்தகத்தில் இது மாபெரும் வெற்றி. கேடும் இந்த வெற்றிக்குள்தான் இருக்கிறது. ஆற்றில் எந்த ஆணுடன் சேர்வது, எந்தச் சரளையில் குழி பறிப்பது என்பதைப் பெண் மீன் தீர்மானிக்கிறது. வெள்ளமும் வறட்சியும் இரைதேடும் மீன்களும் பலவீனமான குஞ்சுகளைக் கழித்துவிடுகின்றன. பொரிப்பகத்தில் அந்தச் சல்லடையே இல்லை. நெரிசலைத் தாங்குவதும் மேலிருந்து விழும் தீவனத்துக்கு முந்துவதும்தான் அங்கே பிழைப்பதற்கான தகுதி. நீர்ப்பரப்புக்கு ஏறியே பழகிய குஞ்சு, ஆற்றுக்கு வந்ததும் பறவைகளுக்கு எளிதில் இரையாகிறது. முன்னதாக வந்த மீன்களிலிருந்தே முட்டை எடுத்ததால், சில ஆறுகளில் மீன் திரும்பும் பருவமே முன்னோக்கி நகர்ந்திருக்கிறது. பல மாதங்களில் பிரிந்து வரும் கூட்டத்தை ஒரு வெள்ளம் முற்றாக அழிக்க முடியாது. ஒரே சமயத்தில் வரும் கூட்டத்தை அழிக்க ஒரு வெள்ளம் போதும்.

ஓரிகனின் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் டிரவுட்டுகளின் மரபணுவை வைத்துத் தலைமுறைகளைத் தொடர்ந்தவர்கள் 2007இல் வெளியிட்ட முடிவு கலங்கவைத்தது. வளர்ப்பில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இனம்பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. இத்தகைய மீன் ஆற்று மீனோடு கலக்கும்போது பலவீனமும் கூடவே கலக்கிறது.

பொரிப்பக மீனால் ஆற்று மீனுக்குக் கேடு என்பதை மொன்டானா மாநிலம் முன்பே கண்டுகொண்டது. மேடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் செய்த ஆய்வில், பொரிப்பக டிரவுட் விட்ட இடத்தில் ஆற்று டிரவுட் குறைந்திருந்தது, விடுவதை நிறுத்திய இடத்தில் பெருகியிருந்தது. தூண்டில்காரர்களின் எதிர்ப்பையும் மீறி, தானாக மீன் பெருகக்கூடிய ஆறுகளில் குஞ்சு விடுவதை 1974இல் அம்மாநிலம் நிறுத்தியது. இன்று டிரவுட்டுக்கென்றே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அங்கே போகிறார்கள். அந்த முடிவுக்கு அன்று துணிச்சல் வேண்டியிருந்தது.

அப்படியானால் எல்லாப் பொரிப்பகங்களையும் மூடிவிடலாமா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1992இல் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குக் கடலிலிருந்து திரும்பியது ஒரே ஒரு சாக்கை சால்மன். 1991 முதல் 1998 வரை வந்தவை மொத்தமே 16. அவற்றைக் காப்பில் வைத்து வம்சம் வளர்க்காமல் விட்டிருந்தால் அந்த ஏரியின் சாக்கை இனம் அன்றே முடிந்திருக்கும். 2014இல் 1,500க்கும் மேற்பட்ட சாக்கை திரும்பின. ஸ்னேக் ஆற்றில் 1990இல் இலையுதிர்காலச் சினூக்கில் ஆற்றில் பிறந்தவை 78தான் எண்ணப்பட்டன. இன்று ஆயிரக்கணக்கில் வருவதில் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் நடத்தும் பொரிப்பகத்துக்கும் பங்குண்டு.

பழங்குடியினரின் வாதத்தை ஒதுக்கிவிட்டு இந்த விஷயத்தைப் பேசவே கூடாது. 1850களின் ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்து மீன்பிடி உரிமையை அவர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மீனே இல்லாத ஆற்றில் பாதிப் பங்கால் என்ன பயன்? ஆற்றைக் கெடுத்தவர்கள் வேறு யாரோ. ஆறு திருந்தும்வரை பொரிப்பகத்தை மூடாதீர்கள் என்று அவர்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சாக்கைக்கு 2015 கோடையில் நேர்ந்ததைப் பாருங்கள். கடலிலிருந்து ரெட்ஃபிஷ் ஏரிக்குச் சுமார் 1,450 கிலோமீட்டர், இடையில் எட்டு அணைகள். வெயிலும் தேங்கி நின்ற நீரும் சேர்ந்து ஆறு சூடாகி, ஏரியை நோக்கி ஏறிய மீன்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. கால் நூற்றாண்டு உழைப்பால் பெருக்கிய மீனை ஒரு சூடான ஆறு ஒரே கோடையில் கொன்றுவிட்டது.

ஓரிகனிலும் கலிஃபோர்னியாவிலும் ஓடும் கிளாமத் ஆற்றிலிருந்து 2024இல் வந்த இரண்டு செய்திகளும் இதையே சொல்கின்றன. பிப்ரவரி இறுதியில் சுமார் 8,30,000 சினூக் குஞ்சுகளை ஒரு பொரிப்பகத்திலிருந்து விட்டார்கள். அப்போது இன்னும் இடிக்கப்படாதிருந்த அயர்ன் கேட் அணையின் சுரங்கத்தைக் கடக்கையில் அழுத்த மாற்றத்தால் உடலில் வாயுக்குமிழ் உண்டாகிப் பெருந்தொகையாக அவை இறந்தன. அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் அயர்ன் கேட் உள்பட அந்த ஆற்றின் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. அக்டோபரிலேயே சினூக் சால்மன் ஓரிகன் எல்லை தாண்டி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போக முடியாதிருந்த ஓடைக்கு ஏறிவிட்டது. யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அணை இடிப்பு மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது, உண்மைதான். மேலே இன்னும் அணைகள் உண்டு, பாசனத்துக்கு எடுக்கும் நீர் உண்டு, ஆண்டுக்கணக்கில் படிந்த சேறு உண்டு. ஆனாலும் வழி திறந்தால் மீன் வரும் என்பது கண்முன் நிரூபணமாகிவிட்டது.

ஆகவே பொரிப்பகங்களை ஒரே தட்டில் வைக்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும். அழிவின் விளிம்பில் நிற்கும் இனத்துக்கு, அந்த ஆற்று மீனையே தாயாக வைத்து, அந்த ஆற்றைச் சீராக்கும் திட்டத்தோடு சேர்த்து நடத்தும் பொரிப்பகம் தேவை. உடைத்த ஆற்றுக்கு இழப்பீடாக, முடிவுத் தேதியே இல்லாமல் ஓடும் பொரிப்பகத்துக்குச் செலவாகும் பணத்தைப் படிப்படியாக ஆற்றுக்குத் திருப்ப வேண்டும், பழங்குடியினரின் பங்கு ஒரு மீன்கூடக் குறையாமல். ரெட்ஃபிஷ் ஏரிச் சாக்கையின் வழியில் நிற்கும் கீழ் ஸ்னேக் ஆற்றின் நான்கு அணைகளை அகற்றுவதற்கு வழிகோலிய 2023ஆம் ஆண்டு உடன்பாட்டை அமெரிக்க அரசு 2025 ஜூனில் கைவிட்டது தவறு. அதை மீண்டும் கையிலெடுக்க வேண்டும்.