ஜோன் டி சில்வாவும் நூர்த்திப் பாடலும்

சிங்கள மேடைப் பாட்டின் வேரைத் தேடிப் போனால் அது தமிழ்க் கூத்தில் கொண்டுபோய் விடும். நமது நாட்டுக்கூத்தை ஒட்டி வளர்ந்த ‘நாடகம’ விடிய விடிய ஆடப்பட்டது. கொல்லுத் தொழிலாளியான பிலிப்பு சிஞ்ஞோ அதன் பெயர் பெற்ற ஆசிரியர். 1877இல் சி. டொன் பஸ்தியன் ‘ரொலினா’வை மேடையேற்றியபோது நூர்த்தி என்ற புதுவடிவம் பிறந்தது. பின்னர் மும்பையிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் கொழும்பு இரசிகரை முற்றாகவே மயக்கிவிட்டன. தீட்டிய திரை, ஆர்மோனியம், தபேலா, காட்சிக்குக் காட்சி பாட்டு எல்லாம் அவர்கள் கொண்டுவந்து காட்டியவை.

அந்த மோகத்தை ஓர் இயக்கமாக்கியவர் ஜோன் டி சில்வா. 1857இல் கோட்டேயில் பிறந்தவர், தொழிலால் பிறக்கிராசி. புதுக்கடை நீதிமன்றங்களின் உலகத்தைச் சேர்ந்த ஒருவர் நாடகக்காரராவது அக்காலக் கனவான்களுக்கு உவப்பான செய்தியாக இருந்திராது. மேல்நாட்டு நாகரிகத்தை நையாண்டி செய்வதும் பழைய மன்னர்களை மேடையில் எழுப்புவதும் அவர் நோக்கம். அதற்கென ஆரிய சுபோத நாட்டிய சபையை நிறுவினார். பாடலாசிரியரும் தயாரிப்பாளரும் அவரே.

1903இல் இந்தியாவிலிருந்து விசுவநாத் லௌஜி என்ற இசையமைப்பாளரை வரவழைத்தார். லௌஜிக்குச் சிங்களம் தெரியாது. காட்சியின் உணர்ச்சியை விளக்கிச் சொன்னால், அவர் இந்துஸ்தானி இராகத்தில் மெட்டமைப்பார். அதன் அளவுக்குச் சொல் வெட்டி வைப்பது டி சில்வாவின் வேலை. இன்றைய சினிமாப் பாட்டும் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. அவ்வாண்டே மேடையேறிய ‘சிறிசங்கபோ’வில், அநுராதபுரத்தைக் கண்ட இளவரசர்கள் நகரின் சிறப்பைப் பாடும் ‘தன்னோ புதுங்கே’ நூறாண்டு தாண்டியும் வாழ்கிறது. ஆரியப் பண்பாட்டை மீட்கப் புறப்பட்டவரின் பாட்டுக்கு உயிர் கொடுத்தது கடல் கடந்து வந்த இசை. 1906இல் அவர் நாடகமாக்கிய கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராஜசிங்கனோ நாயக்கர் வம்சத்தவன். தூய்மை பேசிய அரங்கு உண்மையில் கலப்பால் செழித்தது.

1911 டிசம்பர் 6ஆம் திகதி மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸின் ‘பண்டுகாபய’. நூர்த்திக்கு நிலையான வீடு கிடைத்தது; பாடல்கள் கிராமபோன் தட்டுகளில் ஏறி நாடகம் பாராதவர் வீட்டுக்கும் போயின. டி சில்வா 1922இல் காலமானார். தமிழ் மேடைக்கு அறுபதுக்கு மேற்பட்ட நாடகங்கள் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்ததும் அதே ஆண்டுதான். இருவரும் பார்சிப் பாணியைத் தம் மொழிக்கு வளைத்தவர்கள். செய்யுள் வலிமையில் சுவாமிகளே ஒரு படி மேல் என்று சொல்லலாம்.

பேசும்படம் வந்ததும் டவர் மண்டபமே படமாளிகையாயிற்று. 1956இல் நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர தம் ‘மனமே’ நாடகத்துக்கு வடிவம் தேடியபோது நூர்த்தியை விட்டு நாடகமவிடம் போனார். நாடகங்கள் நூலகத்தில் ஒடுங்க, பாட்டு மட்டும் வெளியே நின்றது. 2016 சுதந்திர தின விழாவில் கிஷானி ஜயசிங்க ‘தன்னோ புதுங்கே’யை மேலைநாட்டு ஒபேராக் குரலில் பாடியதும், மரபு கெட்டதென்று பெரும் சர்ச்சை எழுந்தது.